நோனாவோட கை

இல்லைங்க டீச்சர், நீங்க நகர வேணாம். நான் இந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டே வந்துருவேன், பழக்கந்தான். பேக்கை மட்டும் நீங்க வச்சிருந்தா போதும். காலி டவுன்ல ஏறுனதுல இருந்து மடியில வச்சிருக்கீங்க, பாரமா இல்லைங்களா? சும்மா சொல்றீங்க, முகத்துல தெரியுது. உள்ள ஒன்னுமில்லைங்க, ரெண்டு உடுப்பு, அதுக்கு நடுவுல ஒரு பழைய இரும்புச் சட்டி. வேலை செஞ்ச எடத்துல கழிச்சுப் போட்டாங்க. இரும்புன்னா கனக்கத்தானே செய்யும்.

அந்த அக்கா எறங்குறாங்க போல. நான் உக்காந்துக்குறேன். அப்பாடா. பேக்குங்களா? இருக்கட்டுங்க, உங்க மடியிலயே இருக்கட்டும். எனக்கு இந்த வலது கை சரியில்ல, கனத்தை வச்சா வலி தோளு வரைக்கும் ஏறிரும். துணிக்கட்டை அவுத்துக் காட்டவா? வேணாமா. சரி, நல்லதுதான், பாத்தா சாப்பாடு எறங்காது. மணிக்கட்டு அப்புடியே பணியாரம் மாதிரி வீங்கிக் கெடக்கு. தோட்டத்து டிஸ்பென்சரியில கேட்டா கையை வேலைக்குப் பாவிக்காத மருதாயின்னாரு. ஐயா, பேசுறதுக்கா கையை வச்சிருக்கேன்னு கேட்டேன். அவரும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், ரெண்டு வெள்ளைக் குளிசையோட அனுப்பிட்டாரு.

நீங்க இரத்தினபுரி வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு. நான் அங்க எறங்கி கலவான பஸ் எடுக்கணும். கொப்பிக் கட்டைப் பாத்ததுமே டீச்சர்னு தெரிஞ்சுருச்சு. டீச்சருங்க பேசுற தமிழு கேக்க நல்லா இருக்கும். ஆறு மாசமா காலியில சிங்களமும், கையைக் கையை ஆட்டி இங்கிலீசும் பேசி, நாக்கே மரத்துப் போச்சு எனக்கு. அதான் இப்புடிக் கொட்டுறேன். தொந்தரவுன்னா சொல்லிருங்க. பாலம் எப்ப வருமுங்க? அந்த செக்பாயிண்ட் இருக்கிற பாலம். இன்னும் ஒரு மணித்தியாலமா. சண்டை முடிஞ்சு மாசக்கணக்காச்சு, அந்தச் செக்பாயிண்ட்டை மட்டும் எடுக்க மாட்டேங்கிறாங்க.

வீட்டு ஆளா? இருக்காருங்க. என் மக ஷாமிளாவோட அப்பா. அவரு தோட்டத்துல பேரு பதிஞ்ச ஆளு இல்ல, மாணிக்கக் குழியில வேலை. நான்தான் ரப்பரு. பதினாறு வயசுல கத்தியைப் புடிச்சு பாலுக்கு மரம் வெட்ட ஆரம்பிச்சவ. அவரு தபரைக்காரரு. என்ன டீச்சர், இரத்தினபுரியில இருந்துக்கிட்டு தபரை தெரியாதுங்கிறீங்க. குழி வாசலுக்கு மேல குறுக்க ஒரு மரக்கட்டை கெடக்கும், ரெண்டு பக்கமும் கைபிடி. எதிர் எதிரா ரெண்டு ஆளு நின்னு சுத்துனா கயிறு கட்டையில சுத்திக்கும், கூடையில இல்லம் மேல வரும். இல்லம்னா கல்லு கெடக்கிற மண்ணு, அதைக் கழுவித்தான் மாணிக்கம் எடுக்கிறது. அந்தக் கட்டைக்குத்தான் தபரைன்னு பேரு. உள்ள எறங்குறவனுக்கு அதிர்ஷ்டம் வேணும், தபரைக்காரனுக்குக் கை வேணும்னு சொல்லுவாங்க. அவருக்குக் கை இருந்துச்சு டீச்சர். ரெண்டு பேரு சுத்துறதை ஒத்தையா நின்னு சுத்துவாரு. தேக்கு மரம் மாதிரி ஆளு. நான் பொய் சொல்லல, கல்யாணத்தன்னைக்கு அவரு பக்கத்துல நிக்கவே எனக்கு வெக்கமா இருந்துச்சு, ஏதோ யானைக்குப் பக்கத்துல ஆட்டுக்குட்டியைக் கட்டுன மாதிரி.

அவரு அடிபட்டு மூணு வருசம் ஆச்சுங்க. மழை நாளு. எதிர்க் கைபிடியில சின்னத்தம்பி அண்ணன். அவருக்குக் கால் வழுக்கி கையை விட்டுட்டாரு. கூடை நெறைய ஈர இல்லம், கீழ மூணு பேரு குனிஞ்சு வேலை செய்றாங்க. எங்க ஆளும் விட்டிருந்தா அவருக்கு ஒன்னுமே ஆயிருக்காது. கூடை மட்டும் போயி கீழ இருக்கிறவங்க தலையில விழுந்திருக்கும், அவ்வளவுதான். அவரு விடல. கைபிடி அவரைத் தூக்கி ஒரு சுத்துச் சுத்தி குழி விளிம்புல இருந்த கட்டையில முதுகோட அடிச்சுருச்சு. அப்பவும் விடலன்னு சொல்றாங்க. கூடை பாதியில நின்னுச்சு. மூணு பேரும் முழுசா ஏறி வந்தாங்க. இவருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி ஒன்னுமில்ல.

ஐயோ பாவம்னு சொல்லாதீங்க டீச்சர். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுருச்சு. குழியாளுங்க நல்லவங்க, அதையும் சொல்லணும். ஒரு வருசம் முழுக்க அவரு வேலைக்கு வந்த மாதிரியே அவரு பங்கைக் கொண்டாந்து குடுத்தாங்க. குழியில தண்ணி எறைக்கிற மெசினுக்கே ஒரு பங்கு உண்டுங்க, அது வழக்கம். மெசினுக்குப் பங்கு இருக்கையில விடாம புடிச்ச கைக்குப் பங்கு இல்லையான்னு கேட்டாங்க. இன்னொன்னும் செஞ்சாங்க, அதைத்தான் சொல்ல வர்றேன். பெரியாஸ்பத்திரியில டொக்டர் சொல்லி அனுப்புனாரு, ஒரு நாளைக்கு நாலு தடவை இவரை மெத்தையில இருந்து தூக்கி முதுகுக்குக் காத்துப் பட வைக்கணும், இல்லாட்டி படுக்கைப் புண்ணு வந்துரும், புண்ணு எலும்பைத் தொட்டா ஆளு தங்காதுன்னு. நாலு தடவை. அந்த ஒடம்பை யாரு தூக்குறது? அப்ப இந்த ஆளுங்க அந்தக் குழியில இருந்த அதே தபரையைக் கழட்டிக்கிட்டு வந்து எங்க லயத்து வரிசை வீட்டுக்குள்ள கட்டுனாங்க. கூரைத் தீராந்திக் கட்டையில கப்பி, கீழ உரச்சாக்குல தைச்ச தொட்டில். கைபிடியைச் சுத்துனா ஆளு மெதுவா மேல வருவாரு, ஒரு மர ஆப்பைச் சொருகுனா அப்புடியே நிப்பாரு. துடைக்கலாம், மருந்து போடலாம், பாய் மாத்தலாம்.

ஆமாங்க, முதுகை ஒடைச்ச அதே தபரைதான். எனக்கு அதை வீட்டுக்குள்ள விடவே மனசில்ல. அவருதான் சொன்னாரு, அது என்ன பண்ணும், நான்தானே சரியா நிக்கலன்னு. அப்புடி ஒரு ஆளு.

மொதல்ல குழியாளுங்க மொற வச்சு வந்து சுத்துனாங்க. பொறவு குழி வத்திப் போச்சு, ஆளுக்கொரு பக்கம் பொழைப்புத் தேடிப் போயிட்டாங்க. சின்னத்தம்பி அண்ணன் கடைசி வரைக்கும் வந்தாரு, அவரும் கண்ணு மங்கி மக வீட்டுக்குப் போயிட்டாரு. அப்புறம் நான்தான். காலையில ரெண்டு சுத்து, முந்நூறு மரம் வெட்டிட்டு வந்து ரெண்டு சுத்து. கத்தி புடிக்கிறதும் இந்தக் கைதான், கைபிடி சுத்துறதும் இந்தக் கைதான். ஒன்னரை வருசம் தாங்குச்சு. ஒரு நாளு பாதியில அவரு அந்தரத்துல தொங்கையில இந்த மணிக்கட்டு டக்குன்னு ஒரு சத்தம். நான் தபரை மேல குப்புற விழுந்து ஒடம்பால அதைப் புடிச்சுக்கிட்டுக் கத்துறேன், ஷாமிளா ஓடியாந்து ஆப்பைச் சொருகுனா. அன்னையில இருந்து அவதான் சுத்துறா. பதினஞ்சு வயசுங்க. இந்த வருசம் ஓலெவல் பரீட்சை. பள்ளிக்கூடத்துல இருந்து எடைவேளைக்கு ஓடி வந்து அப்பனைத் தூக்கி எறக்கிட்டு திரும்ப ஓடுவா. எங்க ஸ்கூல் டீச்சர் சொல்லி அனுப்புனாங்க, புள்ளைக்குப் பேனா புடிக்கையில கை நடுங்குதுன்னு. நீங்க டீச்சர், உங்களுக்குத் தெரியும் அதோட அருத்தம்.

என்னால மரம் வெட்ட முடியாதுன்னு ஆனதும்தான் காலிக்குப் போனேன். புவாட்டுன்னு ஒருத்தரு, அவரு தங்கச்சி கலவானையில கட்டியிருக்கு. துறைமுகத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க படகுக்குத் தண்ணி, மரக்கறி எல்லாம் குடுக்கிறவரு. ஒரு வயசான சோடி இருக்கு, படகு பழுதாகி சாமான் வர்ற வரைக்கும் நிக்குது, சமைச்சுக் கூட்டித் துடைக்க ஆளு வேணுமாம்னு சொன்னாரு. துறைமுகத்துக்குள்ள போக எனக்குப் பாஸ் எடுக்க கிராம சேவகர் கடுதாசி, தோட்டத்துத் துரை கடுதாசி, பொலிஸ் கடுதாசின்னு அந்த மனுசன் அலைஞ்சது ஒரு தனிக்கதை. நல்லவரு. அவரை நெனச்சாத்தான்... சரி விடுங்க.

படகுன்னா நம்ம மீன் வள்ளம் இல்லைங்க. பாய் கட்டி ஓடுறது. யொட்டுன்னு சொல்றாங்க. ஒரு வீடே உள்ள இருக்கு. அந்த வெள்ளைக்கார அம்மாவை நோனாம்பாங்க, அவங்களுக்கு எழுபது வயசு. அவங்க புருசனை மாத்தயாம்பாங்க, ஐயான்னு அருத்தம், அவருக்குக் கை காலெல்லாம் நடுக்கம், தேத்தண்ணிக் கோப்பையே ரெண்டு கையால புடிப்பாரு. இந்த ரெண்டு கெழடும் எப்புடி டீச்சர் கடலைத் தாண்டி வந்துச்சுங்கன்னு எனக்கு ஆச்சரியம். நோனா கையைப் பாத்தா அதுலயும் மணிக்கட்டுல ஒரு பெரிய தழும்பு, ஒப்பரேசன் பண்ணுனது. ஒரு போத்தல் மூடியைக்கூட என்கிட்டத்தான் நீட்டுவாங்க. நான் இந்தக் கையால தெறக்க முடியாம எடது கையால தெறப்பேன். ஒரு நாளு அதைப் பாத்துட்டாங்க. கூப்புட்டு உக்கார வச்சு என் கையை அவங்க மடியில எடுத்து வச்சு ஒரு களிம்பு பூசித் தேச்சு விட்டாங்க. அதுக்கப்புறம் தெனமும். எங்கம்மாகூட எனக்கு அப்புடித் தேச்சு விட்டதில்ல.

இந்தாங்க வெத்தலை. போடுறதில்லையா. நல்ல பழக்கம்.

ஒரு நாளு பாயைக் காய வைக்கணும்னு மேல ஏத்துனாங்க. கூரை ஒசரத்துப் பாய், ஈரத்தோட என்ன கனம் இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. படகு மேல ஒரு இரும்பு உருளை இருக்கு, வின்ச்சுன்னு பேரு. கயிறை அதுல சுத்தி மேல இருக்கிற ஓட்டையில கைபிடியைச் சொருகிச் சுத்தணும். எனக்குப் பாத்ததுமே புரிஞ்சுருச்சு. இது தபரை. நிமுத்தி வச்ச தபரை, அவ்வளவுதான். சரி, கெழவி எப்புடிச் சுத்தப் போறான்னு பாத்துக்கிட்டே நிக்கிறேன். அவங்க ஒரு பையில இருந்து ஒரு சாமானை எடுத்தாங்க. கைபிடிதான், ஆனா உள்ள மோட்டார், பெட்டரி எல்லாம் இருக்கு. தச்சன் மரத்துல ஓட்டை போடுவானே, அந்த மெசின் மாதிரி. சொருகி, விரலால ஒரு பொத்தானை அமுத்துனாங்க. விர்ர்ர்னு ஒரு சத்தம். பாய் தானா ஏறுது டீச்சர். எழுபது வயசுக் கெழவி ஒத்த விரலால ஏத்துறா. விரலை எடுத்தா அந்த இடத்துலயே நிக்குது, பின்னுக்கு வர்றதில்ல. அவங்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நான் அழுதுட்டேன். ஏன் அழுறேன்னு அவங்களுக்கு வெளங்கல, வெயிலு கண்ணுல பட்டுருச்சுன்னு கறுப்புக் கண்ணாடி எடுத்துக் குடுத்தாங்க.

அன்னைக்கு ராத்திரி கண்ணை மூடுனா அந்த விர்ர்ருங்கிற சத்தம், அவரு தொட்டில்ல மெதுவா மேல வர்றாரு, ஷாமிளா ஒரு கையில புஸ்தகத்தை வச்சுப் படிச்சுக்கிட்டே இன்னொரு கை விரலால அமுத்துறா.

அந்தச் சாமானோட அடிப்பக்கம் நட்சத்திரம் மாதிரி இருக்கும், ஓட்டையில சொருகுற பக்கம். நான் என்ன பண்ணுனேன், துணி தோய்க்கிற சவுக்காரத்தை நனைச்சு அதுல அழுத்தி அச்சு எடுத்தேன். போன மாசம் லீவுல வீட்டுக்குப் போகையில கொண்டு போனேன். கலவானையில பளீல் நானாவோட வெல்டிங் பட்டறை இருக்கு. அவருகிட்ட சவுக்காரத்தைக் காட்டி, நானா, தபரையில இந்த அளவுக்கு ஒரு ஓட்டை வைக்க ஏலுமான்னு கேட்டேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. வச்சுரலாம், கூடவே சைக்கிளோட பிரீவீலையும் போட்டா ஆளு பின்னுக்குச் சறுக்க மாட்டாரு, ஆப்பும் வேணாம்னாரு. அஞ்சு நாள்ல செஞ்சும் முடிச்சுட்டாரு. ஓட்டையை நான் செஞ்சு வச்சுட்டேன் தங்கச்சி, சுத்துற கையை நீ கொண்டு வான்னாரு.

ஏன் முன்னுக்கே செஞ்சு வச்சேன்னா கேக்குறீங்க? என்னமோ ஒரு நம்பிக்கைங்க. புள்ளை பெத்த பொறவா எல்லாரும் தொட்டில் கட்டுறாங்க.

அந்தச் சவுக்காரத்தைக் கொண்டு போகையில இந்தப் பாலத்துல என்ன நடந்துச்சு தெரியுமா. பேக்கைத் தெறந்தாங்க, சவுக்காரத்துல நட்சத்திரம். இது என்னன்னு கேட்டாங்க. நான் உள்ளதைச் சொன்னேன், படகு, கைபிடி, தபரை, புருசன்னு. சொல்லச் சொல்ல அந்த ஆமிக்காரத் தம்பிக்கு முகம் மாறுது. துறைமுகத்துக்குள்ள போயி எதையோ அச்சு எடுத்திருக்கா, ஆளு தமிழுன்னு நெனச்சிருப்பான். அவன் மேல குத்தம் சொல்ல மாட்டேன், சின்னப் பையன், எனக்குத் தண்ணியெல்லாம் குடுத்தான். ஆனா மூணு மணித்தியாலம் பெஞ்சில உக்கார வச்சாங்க. பஸ் போயிருச்சு. பெரியவரு வந்து சவுக்காரத்தை ரெண்டாப் பொளந்து பாத்துட்டு, ஒன்னுமில்லன்னு விட்டாரு. ஒரு கட்டி சவுக்காரத்துக்கு மூணு மணித்தியாலம் டீச்சர். அப்ப நான் நெனச்சேன், இதுவே மோட்டாரு, பெட்டரி, வயருன்னு இருந்தா என்னை எங்க கொண்டு போயிருப்பாங்கன்னு. எங்க தோட்டத்துலயே ஒரு புள்ளை டோச் லைட் பெட்டரியோட போயிப் புடிபட்டு ஏழு மாசம் கழிச்சு வந்துச்சு. இப்ப அது யாருகூடவும் பேசுறதில்ல.

பாதி மலை ஏறிட்டோம் போல, காது அடைக்குது. இன்னும் எவ்வளவு தூரமுங்க? சரி, சரி.

அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் புள்ளை கைக்கு ஓய்வு குடுக்கலாம்னு எடது கையால நானே தபரையைச் சுத்துனேன். லேசா வந்துருச்சு. எனக்கு ஒரே சந்தோசம். பாத்தியாடி, உங்கம்மாவுக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு ஷாமிளாகிட்ட பீத்திக்கிட்டேன்.  பொறவு வீட்டுக்குப் பின்னால கோடிப் பக்கம் வர்றேன், எங்க லயத்து நாய் படுத்திருக்கு. ஒரு சொறி நாய் அது, முந்தியெல்லாம் விலா எலும்பை எண்ணலாம். இப்ப கண்ணுக்குட்டி மாதிரி கொழுத்துக் கெடக்கு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, தபரை ஏன் லேசா வந்துச்சுன்னு. அவரு கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சன்னல் இருக்குங்க. புள்ளை தட்டுல சோத்தை வச்சுட்டு அந்தப் பக்கம் போனதும் சன்னல் வழியா அவ்வளவும் நாய்க்கு. எத்தனை மாசமோ.

உள்ள போயிக் கேட்டேன்.   அவரு சுவத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, புள்ளையால என் கனத்தைத் தூக்க ஏலல மருதாயி, அவ கைக்குப் பெலம் குடுக்க என்னால ஏலாது, கனத்தைக் குறைக்கலாம்ல. அவ்வளவுதான் சொன்னாரு. கூடையை விடாம புடிச்ச ஆளுங்க அவரு. இப்ப அவரே கூடையில இருக்காரு. தன்னைத்தானே கொஞ்சங் கொஞ்சமா கீழ கொட்டிக்கிட்டு இருக்காரு.   கொஞ்சம் இருங்க.

ம். இல்ல, தண்ணி வேணாம்.

திரும்பி வந்ததும் புவாட் அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போயி நோனாகிட்ட கேட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், நாயைத் தவிர. நாயைச் சொல்ல வாய் வரல. நோனா கடைசி வரைக்கும் கேட்டாங்க. கண்ணு கலங்கிருச்சு. பொறவு அவங்க தழும்பு இருக்கிற கையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாங்க. புவாட் அண்ணன் மொழி மாத்திச் சொன்னாரு, இது என்னோட கை, இது இல்லாட்டி நானும் என் புருசனும் இந்தத் துறைமுகத்துலயே செத்துருவோம், கையை வெட்டிக் குடுன்னு கேக்காதேங்கிறாங்கன்னு. ஊருக்குப் போனதும் ஒன்னு வாங்கி அனுப்புறேன்னும் சொன்னாங்களாம். எப்ப போவாங்க? காத்து மாறி, சாமான் வந்து, கடலைத் தாண்டி, அடுத்த வருசம். அடுத்த வருசம் வரைக்கும் நாய் கொழுத்துக்கிட்டே இருக்கும்.

அவங்க மேல தப்பில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே கை வலி. ஒரு கை தான் இருக்கு, அது யாருக்குன்னா அது யாரு படகுல இருக்கோ அவங்களுக்குத்தானே.

பொறவு என்னாச்சுன்னா... அந்த விசில் சத்தம் என்னங்க? பாலமா? இவ்வளவு சீக்கிரமா வந்துருச்சா? ஒரு மணித்தியாலம்னு சொன்னீங்களே. ஒக்கோம பஹின்னங்கிறாங்க பாருங்க, எல்லாரும் சாமானோட எறங்கணும்.

எந்திரிக்காதீங்க டீச்சர். முன்னுக்கு இருக்கிறவங்க எறங்கட்டும். ஒரு நிமிசம்.

அந்தப் பேக்குல இரும்புச் சட்டி இல்லைங்க.

ஆமா. அதுதான். நோனாவோட அந்தக் கைபிடியை என் சாரியில சுத்தி வச்சிருக்கேன். சார்ஜ் பண்ணுற கறுப்புப் பெட்டியும் வயரும் ஒரு சட்டைக்குள்ள இருக்கு. அவங்க குடுக்கல. இன்னைக்குக் காலையில மாத்தயாவைக் கூட்டிக்கிட்டு டொக்டர்கிட்ட போனாங்க, படகுச் சாவியை என் கையில குடுத்துட்டு. போறதுக்கு முன்னாடி எனக்குக் களிம்பு பூசி விட்டுட்டுத்தான் போனாங்க. அந்த வாசம் இன்னும் கையில இருக்கு, மோந்து பாருங்க. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுனவதான் நான். புவாட் அண்ணன் பேரையும் கெடுத்துட்டேன். அவங்களுக்கு ஒரு மாசத்துல வேற ஒன்னு கப்பல்ல வந்துரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வர்றேன். பஸ்ஸு முழுக்க அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன், உங்ககிட்ட பேசுன நேரம் போக.

உங்ககிட்டயும் ஒரு களவு பண்ணிட்டேன் டீச்சர். எடமில்லன்னு நான் உங்ககிட்ட பேக்கைக் குடுக்கல. காலி பஸ் ஸ்டாண்டுல முக்கால் மணித்தியாலம் நின்னு ஆளுங்களைப் பாத்தேன். கொப்பிக் கட்டு, கொடை, சீலை. டீச்சர் பேக்கை யாரு கிளறப் போறா. உக்காந்திருக்கிறவங்க நிக்கிறவங்க சாமானை வாங்கி வச்சுக்குவாங்க, எது என்னன்னு கேக்க மாட்டாங்க, நம்ம ஊரு பழக்கம் அது. மடியில கனமில்லாட்டி வழியில பயமில்லம்பாங்க. என் கனத்தை உங்க மடியில வச்சுட்டு, எனக்குப் பயமில்லாம போயிரலாம்னு நெனச்சேன். ஒன்னும் பேசாம வந்து, அங்குட்டு எறங்குனதும் நன்றி சொல்லி வாங்கிக்கலாம்னுதான் ஏறுனேன். பாரமில்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுல வாய் தெறந்துருச்சு.

குடுத்துருங்க. நெசமாத்தான் சொல்றேன். நீங்க குடுத்தா நானே எடுத்துக்கிட்டு எறங்குறேன், உங்களை எனக்குத் தெரியவே தெரியாது. வச்சுக்கிட்டா, வீட்டுச் சாமான்னு சொல்லுங்க, மா அடிக்கிற மெசின்னு சொல்லுங்க. அப்புடியும் புடிச்சுட்டாங்கன்னா, பின்னாடி நிக்கிற அந்த நீலச் சீலைக்காரி குடுத்தான்னு என்னைக் கை காட்டிருங்க, நான் ஓட மாட்டேன். பேரு மருதாயி.

ரெண்டே பேருதான் இருக்காங்க முன்னுக்கு. வர்றோம் மாத்தயா, வர்றோம், இந்த அம்மாவுக்குக் கால் மரத்துருச்சு.

டீச்சர், இது மட்டும் வீடு போயிச் சேந்துருச்சுன்னா, இன்னைக்கு எங்க லயத்து நாய்க்குச் சோறு இல்லைங்க.